என்னதுக்கா பிரித்துப் போட்ட பெட்டி

எங்கள் கடைத்தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. துருப்பிடித்த எதையாவது கையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் நின்று, "இது என்னதுக்கா?" என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வியே அவளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. என்னதுக்கா. தலை நரைத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் குடை ரிப்பேர் கடை அவள் கடைக்கு அடுத்தது. அதனால் என் கடைக்கும் அவள்தான் அடையாளம்: "என்னதுக்காவுக்குப் பக்கத்துல." இத்தனை வருஷமாகக் கம்பி மாற்றித் துணி தைத்து உட்கார்ந்திருக்கிறேன், எனக்கென்று ஒரு மரியாதை கிடையாது.

அவளுடையது பழைய சாமான் கடை. புருஷன் மூன்று சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகவும், மூடப்போகிற பட்டறை பட்டறையாகவும் போய் இரும்பை வாங்கி வருவார். வந்ததைப் பிரிப்பது அவள் வேலை. மூன்று சுவர்களிலும் கூரை வரை தகர டின்கள். எந்த டின்னிலும் எழுத்து கிடையாது. உள்ளே என்ன இருக்கிறதோ அதில் ஒன்றைக் கம்பியில் கட்டி டின்னுக்கு வெளியே தொங்கவிட்டிருப்பாள். ஸ்பேனர் தொங்கினால் உள்ளே ஸ்பேனர், அரத்தின் மரப்பிடி தொங்கினால் உள்ளே மரப்பிடி. காற்றடித்தால் கடையே கிணுகிணு என்று சத்தம் போடும். மத்தியானத் தூக்கத்துக்கு அதைப் போல எதிரி கிடையாது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு துணிக் கம்பெனியில் பொத்தான் பிரித்துக்கொண்டிருந்தவள். கலந்து கொட்டிய பொத்தான் குவியலிலிருந்து ஓட்டையின் அளவையும் விளிம்பின் வளைவையும் பார்த்து ஒரே இனத்தைப் பொறுக்கிச் சேர்க்கிற வேலை. அந்தக் கண்ணோடுதான் இந்தக் கடைக்கு வாக்கப்பட்டு வந்தாள். வந்த புதிதில் சுத்தியலைத் தவிர வேறு எதற்கும் அவளுக்குப் பெயர் தெரியாது. அதுதான் நல்லதாகப் போயிற்று என்று அவளே சொல்வாள்.

"பேரு தெரிஞ்சவங்க பேரைப் பாப்பாங்கண்ணே. எனக்குப் பேரு தெரியாது, அதனால சாமானைப் பாத்தேன்."

ஒரு பொருளைக் கொண்டுவந்து நீட்டினால் அவள் சட்டென்று எதையும் சொல்லிவிட மாட்டாள். முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவாள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே கை பட்டுப் பட்டு மினுங்குகிறது, எங்கே எதுவுமே படாமல் அன்றைக்கு வந்த மாதிரியே இருக்கிறது என்று பார்ப்பாள். மினுங்குகிற இடத்தில் தன் விரலை வைப்பாள். அடுத்த மினுக்கம் எந்த விரலுக்கு எட்டுகிறது என்று பார்ப்பாள். இப்படியே பிடித்துப் பிடித்து, முன்பு அதை வைத்திருந்தவனின் கை எப்படி இருந்ததோ அப்படியே தன் கையைக் கொண்டுவந்து நிறுத்துவாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள்.

ஒருவர் தன் வீட்டு மாடியில் பூந்தொட்டி வைக்கிற ஸ்டாண்டு என்று மூன்று வளைந்த கால் உள்ள ஒன்றைக் கொண்டுவந்தார். தலைகீழாகத் திருப்பி நடுத்திருகைச் சுற்றிக் காட்டினாள். அச்சில் இறுகிப்போன பேரிங்கைக் கவ்வி இழுக்கிற புல்லர் அது. இன்னொருவர் கொட்டை உடைக்கிற கொறடு என்று சத்தியம் செய்தார். நுனியில் நகம் மாதிரி ஒரு சின்ன முளை, எதிரே எண் பொறித்த வட்டம். ரம்பத்தின் பல்லை ஒன்றுவிட்டு ஒன்று வளைக்கிற கொறடு என்றாள். அதை வைத்து வீட்டில் எத்தனை கொட்டை உடைத்தார்களோ, மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. மரப்பிடி போட்டு, நுனியில் நட்சத்திர ஓட்டை இருந்த ஒரு திருகியை அவள் புருஷன் தண்ணீர்க் குழாய்க்கானது என்று அடித்துச் சொன்னார். பியானோவின் தந்தியை முறுக்குகிற சாவி என்று கடைசியில் தெரிந்தது.

"கல்யாணம் ஆன நாளா இதே கதைதான். நான் வாயைத் திறந்தா அது வேற ஒண்ணா இருக்கும்," என்பார் அவர்.

"அப்ப திறக்காம இருங்க," என்பாள் அவள்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. சாமான் கலந்து கிடந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு பெட்டி வந்து இறங்கினால், தரையில் சாக்கை விரித்துக் கொட்டி, பொழுது சாய்வதற்குள் இனம் இனமாகப் பிரித்து டின்னில் போட்டுவிட வேண்டும். யாராவது பேச வந்தால் காதில் விழாது. குடையை மறந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தே பழகிய எனக்கு, இந்த ஒழுங்கெல்லாம் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் தெரியும். ஒருநாள் அந்த ஒழுங்கே அவளுக்கு எதிராகத் திரும்பியது.

மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பின்தெருவில் இருந்தார். எல்லோருக்கும் ஃபிட்டர் ஐயா. அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வெளியூரில் வேலையில் இருந்த ஒரே மகன் லீவு போட்டு வந்து கூடவே இருந்தான். அவன்தான் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணுகிறேன் என்று அப்பாவின் நீள மரப்பெட்டியைத் தூக்கி என்னதுக்காவின் புருஷனிடம் போட்டுவிட்டான். உள்ளே நல்ல நல்ல சாமான். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். அவள் வழக்கம்போலச் சாக்கை விரித்தாள், கொட்டினாள், பிரித்தாள். ஸ்பேனர் ஸ்பேனரோடு போயிற்று, உளி உளியோடு போயிற்று. பெட்டி மரம் விறகுக்குக்கூட ஆகாது என்று பின்னால் சாய்த்து வைத்தாள். அந்தக் குவியலிலிருந்து கை நீளத்தில் ஒரு பைப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கடை முன்னால் வெயிலுக்குக் கட்டிய படுதா தொங்கிப்போய் வருகிறவர்கள் தலையில் இடித்துக்கொண்டிருந்தது. மேஜை மேல் ஊன்றி முட்டுக் கொடுத்தேன். கச்சிதமாக நின்றது.

கொஞ்ச நாள் கழித்து ஃபிட்டரின் மனைவி வந்தார். எப்போதும் தலை சீவி நேர்த்தியாக வருகிறவர், அன்றைக்கு ஒரு காலில் ஒரு செருப்பு, மறுகாலில் வேறு செருப்பு.

"அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுத்துடும்மா," என்றார். "அது போனதுலேருந்து மனுஷனுக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. இடது கையை ஆட்டி ஆட்டிக் கத்துறாரு. எதைக் கேக்குறாருன்னு தெரியல."

என்னதுக்கா டின்களை ஏறிட்டுப் பார்த்தாள். எந்த டின்னில் எது ஃபிட்டருடையது, எது ஊராருடையது என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டதும் அந்த அம்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர் பேச்சு வராது என்றும், எவ்வளவு புரிகிறது என்பது போகப் போகத்தான் தெரியும் என்றும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் எதைக் கேட்டாலும் தலை ஒரே மாதிரி ஆடுகிறது. சாப்பிடுறீங்களா என்றாலும் அதே ஆட்டம், நான் யாரு என்றாலும் அதே ஆட்டம். அது போதாதென்று வீட்டுக் குழாயில் தண்ணீரும் நின்றுபோயிற்று. குழாய் ரிப்பேர்காரன் வந்து பார்த்து, உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது, தரையை உடைத்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டான். அதனால் பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் தூக்கி வருகிறார்கள். சமையலறைக்குப் போக அவர் கட்டில் கிடக்கும் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். வாளியைப் பார்த்ததும் அவருக்கு வெறி வந்துவிடுகிறது.

"தண்ணியைக் கண்டா ஆகலைன்னு நெனச்சு, வாளி மேல துணியைப் போட்டு மூடித் தூக்கிட்டுப் போறேம்மா. அப்பவும் கத்துறாரு."

மகன் பாவம், அவனும் எத்தனை நாள்தான் லீவு போடுவான். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற விடுதி ஒன்றில் சொல்லி வைத்துவிட்டான். வார முடிவில் வண்டி வரும். அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போகிறான்.

"அப்பாவுக்குப் புத்தி தெளிவா இருந்தா தோள்ல தூக்கிட்டுப் போவேம்மா, யாரு எவருன்னே தெரியாதவரை எங்க வச்சிருந்தா என்னன்னு கேக்குறான். என்ன பதில் சொல்றது? எனக்கே தெரியலையே, உள்ள அவரு இருக்காரா இல்லையான்னு." அதைச் சொல்லும்போதுதான் அந்த அம்மா அழுதார்.

என்னதுக்கா ஒரு பையை எடுத்து, அந்தப் பெட்டியிலிருந்து வந்ததாக ஞாபகம் இருந்ததையெல்லாம் பொறுக்கிப் போட்டுக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டாள். கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது பை அப்படியே இருந்தது. "ஒவ்வொண்ணா கையில குடுத்தேண்ணே. எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டாரு," என்றாள். "ஆனா கை சும்மா ஆடல."

"பின்ன?"

"எழுந்து நில்லுங்க, காட்டுறேன்."

என்னை எதற்கு எழுப்பினாள் என்று தெரியவில்லை. அவளே நின்று காட்டினாள். இடது கையைத் தோளிலிருந்து நேராகக் கீழே இறக்கினாள். அடியில் எதையோ தேடுவது மாதிரி லேசாக அசைத்தாள். பொருந்தியதும் ஒரு அழுத்து. அப்புறம் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஒவ்வொரு தடவையும் இதே வரிசை. இறக்குறாரு, தேடுறாரு, அழுத்துறாரு, சுத்துறாரு. ஒண்ணுகூட மாறல. சுத்தும்போது விழுந்துபோன கையோட தோளும் சேர்ந்து வருது. அப்ப அது ரெண்டு கையால பிடிக்கிற சாமான். நீளமானது. பள்ளத்துக்குள்ள போறது."

"புத்தி இல்லாதவங்களும் ஒரே மாதிரி ஆட்டுவாங்கம்மா," என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இருக்கலாம்," என்றாள். "வாளி வந்தப்ப மட்டும் ஏன் ஆட்டணும்?"

இத்தனை வருஷமாகத் தேய்ந்த சாமானைப் பார்த்து அதைப் பிடித்த கையைக் கண்டுபிடித்தவள். இன்றைக்குக் கை இருக்கிறது, சாமான் இல்லை. அப்படி ஒரு சாமானை அந்தப் பெட்டியில் பார்த்த ஞாபகமே இல்லை என்றாள். இரண்டு கையால் பிடித்துப் பள்ளத்தில் இறக்குகிற நீளத்துக்கு ஒன்று வந்திருந்தால் அவள் கண்ணிலிருந்து தப்பாது. அந்த விஷயத்தில் நானும் சாட்சி சொல்வேன்.

பின்னால் சாய்த்து வைத்த வெறும் பெட்டியை இழுத்து வந்து வெளிச்சத்தில் வைத்தாள். உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அடியில் ஓரமாக மூன்று பள்ளம் குடைந்திருந்தது, உள்ளே போட்டது உருளாமல் இருக்க. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று வட்டம். மூன்றிலும் ஒரே சேற்று நிறம். மற்ற இடமெல்லாம் எண்ணெய்க் கறை, அந்த மூன்றில் மட்டும் சேறு.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூணும் ஒரே சாமான்தாண்ணே. பெட்டிக்குள்ள அடங்கணும்னு கழட்டி வச்சிருக்காரு. நான் கம்பியைக் கம்பியில போட்டேன், பைப்பைப் பைப்புல போட்டேன். இனம் பாத்துப் பிரிக்கிறேன்னு அவரு சாமானை மூணாக்கிட்டேன்."

அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. வேறு யாராவது செய்திருந்தால் தவறு என்றுகூடத் தோன்றியிருக்காது. தூக்கிப் போடுகிறவன் மூன்றையும் சேர்த்தே தூக்கிப் போட்டிருப்பான். ஒழுங்கு பார்க்கிறவளுக்குத்தான் இது நடக்கும். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து டின்களைக் கவிழ்க்க ஆரம்பித்தாள். அவள் கடையில் சாமான் கலந்து கிடந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். புருஷன் வண்டியோடு வந்து நின்று, வாயைத் திறந்து, பிறகு அவள் சொன்னபடியே திறக்காமல் உட்கார்ந்து அவரும் தேடினார்.

கம்பிக் குவியலில் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பினாள். குட்டைக் கம்பி. இரண்டு பக்கமும் உள்ளங்கை பட்டு மினுங்குகிறது, நடுவில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு மங்கல். "நடுவுல கை படல. அங்க எதுக்குள்ளயோ நுழைஞ்சிருக்கு," என்றாள். மங்கலுக்குப் பக்கத்தில் அரத்தால் போட்ட ஒரு சின்ன வெட்டு. அடுத்து சாக்கெட் டின்னிலிருந்து ஒன்று. வெளியே வட்டம், உள்ளே சதுர ஓட்டை. ஓட்டையின் மூலையில் காய்ந்த சேறு. அதன் கழுத்தில் இரண்டு வெட்டு, எதோடு எது சேர வேண்டும் என்று ஃபிட்டர் போட்ட அடையாளம்.

"தண்ணிக்குள்ள போயிட்டு வந்த சாமான்," என்றாள்.

இனி நடுவில் வரவேண்டிய பைப். ஒரு முனையில் ஒரு வெட்டு, மறுமுனையில் இரண்டு வெட்டு இருக்க வேண்டும். இருந்த பைப்பையெல்லாம் உருட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் பொருந்தவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு வாடிக்கைக்காரர் வந்தார். நான் குடையை விரித்து அவரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். என்னதுக்கா வாசலுக்கு வந்து என் படுதாவைப் பார்த்தாள். என் மேஜையைப் பார்த்தாள். முட்டுக் கொடுத்திருந்த பைப்பை உருவிக்கொண்டு போய்விட்டாள். படுதா அப்படியே இறங்கி எங்கள் இரண்டு பேரையும் மூடிக்கொண்டது. விரித்த குடையோடு உள்ளே மாட்டிக்கொண்ட வாடிக்கைக்காரர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

நான் வெளியே வருவதற்குள் மூன்றும் ஒன்றாகியிருந்தது. வெட்டுக்கு வெட்டு சேர்ந்து, ஓட்டைக்குள் கம்பி நுழைந்து, இடுப்பளவுக்கு நிமிர்ந்து நின்றது.

"வால்வு திறக்கிற சாவி!" என்று கத்தினேன்.

"பேரு வைக்காதீங்கண்ணே. மொதல்ல அவரு கையில குடுப்போம்."

மறுநாள் விடிந்ததும், தெருவில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு நானும் அவளும் ஃபிட்டர் வீட்டுக்குப் போனோம். உனக்கென்ன வேலை என்று கேட்டால், அது என் படுதாவின் பைப், அதற்குக் காவலாகப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மகன் கதவைத் திறந்தான். நல்ல பையன்தான், தூக்கமில்லாமல் கண் உள்ளே போயிருந்தது. அலமாரியிலிருந்து துணிகளை எடுத்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லாம் அப்பாவின் சட்டைகள். அதையும் கட்டிலுக்கு எதிரிலேயே வைத்துத்தான் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் ஏதாவது காட்டப் போறீங்களாக்கா? விட்டுடுங்க, அவருக்குத்தான் சிரமம்," என்றான்.

என்னதுக்கா சாவியைக் கட்டிலின் ஓரத்தில் நிறுத்தினாள்.

ஃபிட்டர் அதைப் பார்த்தார். கத்தவில்லை. இடது கையை நீட்டிக் குறுக்குக் கம்பியைப் பிடித்தார். மினுங்கிய இடத்தில்தான் அவர் உள்ளங்கை போய் உட்கார்ந்தது. கட்டைவிரலால் அந்தச் சின்ன வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு மூச்சை நீளமாக விட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதோரமாக இறங்கித் தலையணையில் விழுந்தது. அதற்குப் பிறகு கதவுப் பக்கம் கையை நீட்டினார்.

"இப்படித்தான், எப்பப் பாத்தாலும் வெளியே ஓடணும்னு காட்டுறாரு," என்றார் மனைவி.

"அப்ப கூட்டிட்டுப் போவோம்," என்றாள் என்னதுக்கா.

நாற்காலியில் உட்கார வைத்து நாங்கள் மூன்று பேரும் வாசலுக்குத் தூக்கி வந்தோம். சாவியை அவர் மடியிலிருந்து விடவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அதன் நுனியால் தரையைத் தட்டிக் காட்டினார். மகனின் ஸ்கூட்டர் நின்ற இடம். அவன் ஸ்கூட்டரை நகர்த்தினான். மண்ணையும் சருகையும் விலக்கினால் கீழே ஒரு இரும்பு மூடி. மகன் அம்மாவைப் பார்த்தான், அம்மா மகனைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றார் அம்மா. "விடியறதுக்கு முன்னாடி எழுந்து வாசப்பக்கம் போவாரு, தண்ணி பிடிச்சு முடிஞ்சதும் மறுபடி போவாரு. காத்தாட நடக்கிறாருன்னு நெனப்பேன். நான் எழுந்து வந்து குழாயைத் திறந்தா தண்ணி வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மூடியைப் பெயர்த்தால் ஆழமான குழி, அடியில் கலங்கல் தண்ணீர். மகன் குழிக்குள் இறங்கினான். முழங்கால் வரை சேறு. சாவியை இறக்கினான், அசைத்துத் தேடினான், சட்டென்று பொருந்தியதும் அழுத்தினான். நான் என்னதுக்காவைப் பார்த்தேன். முந்தின நாள் அவள் கடையில் நின்று காட்டிய அதே வரிசை. மகன் சுற்றப் பார்த்தான், அசையவில்லை. நாற்காலியிலிருந்து ஒரு அதட்டல் வந்தது. ஃபிட்டர் இடது கையை எதிர்ப்பக்கம் சுற்றிக் காட்டினார். அந்தப் பக்கம் சுற்றியதும் இறுக்கம் விட்டது.

வால்வின் கழுத்திலிருந்து பீறிட்டுக்கொண்டு தண்ணீர் அவன் தலையோடு அடித்தது. அவன் விடாமல் சுற்றினான். பீறல் அடங்கி, தரைக்கு அடியில் ஏதோ இரைந்துகொண்டு வீட்டுக்குள் ஓடியது. உள்ளே மூடாமல் விட்டிருந்த குழாய்கள் ஒவ்வொன்றாகச் செருமின. சமையலறையில் தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. அந்த அம்மா உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, கை நனைய ஓடி வந்து, புருஷன் முன்னால் நின்றார்.

"இதைத்தான் சொன்னீங்களா? நான் வாளியைத் தூக்கிட்டுப் போறப்பல்லாம் இதைத்தான் சொன்னீங்களா?"

அவர் தலை எப்போதும்போல ஒரே மாதிரி ஆடியது. ஆனால் முகம் சிரித்தது, ஒரு பக்கம் மட்டும்.

இதோடு முடிந்தது, சந்தோஷமாகக் கிளம்பலாம் என்று நினைத்தேன். மகன் மட்டும் குழியைவிட்டு ஏறவில்லை. சாவியைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்துப் போயிருந்தது. அவன் எதை நினைக்கிறான் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. இத்தனை நாளும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் எல்லாவற்றையும் பேசியிருக்கிறார்கள். விடுதியைப் பற்றி, வண்டியைப் பற்றி, எங்கே வைத்திருந்தால் என்ன என்பதைப் பற்றி.

"அப்பா," என்றான். "நாங்க பேசினதெல்லாம் கேட்டுட்டுதான் இருந்தீங்களா?"

தலை ஆடியது. அதில் ஆமாம் என்றும் படிக்க முடியாது, இல்லை என்றும் படிக்க முடியாது. நான் என்னை அறியாமல் என்னதுக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஃபிட்டர் குழியோரத்து நாற்காலியிலிருந்தே இடது கையை நீட்டி மகனின் ஈரச் சட்டையைப் பிடித்து இழுத்தார். விட்டார், மறுபடியும் இழுத்தார். அப்புறம் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டைக் காட்டினார். போய்த் தலையைத் துவட்டு, சளி பிடிக்கும் என்று ஒரு அப்பா சொல்வதற்கு வாய் வேண்டியதில்லை. மகன் குழியிலிருந்து ஏறி வந்து, துண்டை எடுக்காமல், சேறும் சகதியுமாக அவர் காலடியில் உட்கார்ந்து, நாங்கள் நிற்பதையும் பாராமல் வாய்விட்டு அழுதான். ஃபிட்டர் அவன் தலையிலிருந்து தண்ணீரைத் தன் கையாலேயே வழித்து வழித்து விட்டார்.

நானும் என்னதுக்காவும் கேட்டைச் சாத்திக்கொண்டு நழுவப் பார்த்தோம். அப்போது உள்ளே போன் அடித்தது. மகன் எழுந்து போய் எடுத்து வந்தான். வார முடிவில் எத்தனை மணிக்கு வண்டி அனுப்பட்டும் என்று விடுதியிலிருந்து கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அவன் வாசலுக்கே வந்து, அப்பாவின் நாற்காலிக்கு எதிரில் நின்று, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இல்லைங்க, இப்ப அனுப்ப வேண்டாம். அப்பாகிட்ட நான் இன்னும் கேக்கவே இல்ல. கேட்டுட்டுச் சொல்றேன்."